தாம்பாளம் விழுந்த கதையும் சங்கிலி ரம்பத்தின் கதையும்



போன ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டுப் பலர் கேட்டிருந்தீர்கள். "சார், ரிட்டயர்டு ஆகி மரம் வெட்டக் கிளம்பிட்டீங்களா?" என்று ஒருவன். "சித்தப்பா, அது அப்பாவோட மெஷின்தானே?" என்று ஒருத்தி. முதல் கேள்விக்குப் பதில், இல்லை. இரண்டாவது கேள்விக்குப் பதில், ஆமாம். அந்த 'ஆமாம்' பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம்தான். முடிவில் பரீட்சை கிடையாது, பொறுமையாகப் படியுங்கள்.

2016-ல் ஓய்வு பெற்றதிலிருந்து பழைய மெஷின்களைப் பிரித்து மாட்டுவது எனக்குப் பொழுதுபோக்கு என்பது உங்களுக்குத் தெரியும். பெட்ரோமாக்ஸில் ஆரம்பித்து, டிவிஎஸ் 50-க்குப் போய், இப்போது மரம் அறுக்கும் சங்கிலி ரம்பங்களில் வந்து நிற்கிறேன். மொத்தம் நான்கு இருக்கின்றன. மூன்று, பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கியவை. நான்காவது அண்ணனுடையது.

அண்ணன் காலமாகிப் பன்னிரண்டு வருடங்களுக்குப் பிறகு, அண்ணி வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தார். கோணிப்பையில் சுற்றிக் கிடந்த மெஷினை இரும்புக்காரரிடம் போடப் போனவர், எனக்கு ஒரு வார்த்தை கேட்டார். "வேண்டுமானால் எடுத்துக்கங்க தம்பி, இது வீட்டுக்கு வந்த நாளிலிருந்து யாருக்கும் நல்லது பண்ணலை" என்றார். உண்மைதான். வால்பாறையில் வேலையை விட்டு நிறுத்தியபோது, பல மாதக் கூலிப் பாக்கிக்குப் பதிலாகக் காண்ட்ராக்டர் அண்ணன் தலையில் கட்டிய மெஷின் அது. பெயர்த் தகடு உதிர்ந்து போயிருந்தது. எந்தக் கம்பெனி என்று நான் துருவிப் பார்க்கவில்லை. நான் சொல்லப் போகும் விஷயத்தில் அந்தக் காலத்து எல்லாக் கம்பெனி மெஷின்களும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆசிரியர் புத்தி போகுமா? மெஷினைப் பிரிப்பதற்கு முன்னால் அதன் வரலாற்றைப் படித்தேன். ஆரம்பமே தூக்கி வாரிப் போட்டது. சங்கிலி ரம்பம் முதலில் அறுத்தது மரத்தை அல்ல, எலும்பை!

1780களில் ஸ்காட்லாந்தில் ஜான் எய்ட்கின், ஜேம்ஸ் ஜெஃப்ரி என்று இரண்டு மருத்துவர்கள் இருந்தார்கள். குழந்தை வெளிவர வழியில்லாமல் தாய் துடிக்கும் பிரசவங்களில், இடுப்பெலும்பின் முன்பக்க இணைப்பை அறுத்து வழி உண்டாக்கும் ஒரு சிகிச்சை அப்போது இருந்தது. மயக்க மருந்து வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முந்தைய காலம். கத்தியால் அறுத்தால் நேரமாகும், சுற்றியுள்ள சதையும் கிழியும். அதற்காக மெல்லிய சங்கிலி ஒன்றில் பல் வைத்து, இரண்டு முனையிலும் கைப்பிடி போட்டு, எலும்பைச் சுற்றி மாட்டி இப்படியும் அப்படியுமாக இழுத்தார்கள். 1830-ல் ஜெர்மனியில் பெர்ன்ஹார்ட் ஹைன் என்பவர் அந்தச் சங்கிலியை ஒரு தகட்டைச் சுற்றி ஓடும்படி அமைத்தார். கைப்பிடியைச் சுழற்றினால் பல்சக்கரம் சங்கிலியை இழுக்கும். இன்றைய மர ரம்பத்தைச் சிறுபிள்ளை வரைந்தால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும் ஹைனின் கருவி.

ஆக, நோயாளியின் வலியைக் குறைக்க வேண்டும் என்ற நினைப்பில் பிறந்த கருவி இது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மரத்துக்கு வருவோம். 1905-ல் அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த சாமுவேல் பென்ஸ் என்பவர், முடிவில்லாமல் சுற்றும் சங்கிலியால் கலிபோர்னியாவின் ராட்சத செம்மரங்களை அறுக்கும் யோசனைக்குக் காப்புரிமை பெற்றார். நம் ஊர்ச் செம்மரம் அல்ல, இது ரெட்வுட். மெஷினாக இது காட்டுக்குள் போனது ஜெர்மனியில். 1926-ல் ஆண்ட்ரியாஸ் ஷ்டீல் மின்சாரத்தில் ஓடும் ரம்பம் செய்தார். எடை 64 கிலோ, தூக்க இரண்டு ஆள். காட்டில் மின்சாரத்துக்கு எங்கே போவது? 1927-ல் எமில் லெர்ப் என்பவர் துரிங்கியா பகுதியில் டோல்மார் என்ற மலையில் தன் பெட்ரோல் ரம்பத்தை ஓட்டிக் காட்டினார். பின்னாளில் அந்த மலையின் பெயரே அவர் கம்பெனியின் பெயரானது. 1929-ல் ஷ்டீலும் பெட்ரோலுக்கு வந்தார். எடை 46 கிலோ.

அடுத்து ஒரு புழுவின் கதை. இதைக் கேட்டிருந்தால் எட்டாம் வகுப்பு 'பி' பிரிவு கூடத் தூங்கியிருக்காது. அந்த நாட்களில் சங்கிலியின் பற்கள் சாதாரண ரம்பப் பற்களைப் போலத்தான் இருந்தன. மரத்தைச் சுரண்டும், சீக்கிரம் மழுங்கும், மறுபடி மறுபடி அரம் போட வேண்டும். 1946-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்ற மரவெட்டி, ஒரு மரக்கட்டைக்குள் வண்டின் புழு ஒன்று வேலை செய்வதைப் பார்த்தார். மரநார் ஓடும் திசையிலும் சரி, குறுக்கேயும் சரி, புழு சளைக்காமல் அரித்துக்கொண்டே போனது. அதன் தாடை வளைந்து, இடம் ஒன்று வலம் ஒன்றாக மாறி மாறிக் கடித்தது. காக்ஸ் அந்தத் தாடையை எஃகில் செய்து சங்கிலியில் கோத்தார். 1947-ல் போர்ட்லாந்தில் தன் வீட்டின் நிலவறையில் தொழில் தொடங்கினார். இன்று உலகத்தில் ஓடும் ரம்பச் சங்கிலிகளில் பெரும்பாலானவை அந்தப் புழுவின் தாடைக்குப் பேரன் பேத்திகள்.

அதே காலத்தில் கார்புரேட்டரும் மாறியது. உங்கள் பழைய டூ வீலரில் மிதவை வைத்த கார்புரேட்டர் இருக்கும், கவிழ்த்தால் பெட்ரோல் கொட்டும். பழைய ரம்பங்களிலும் அதுதான். அதனால் எஞ்சினை நிமிர்த்தியே பிடித்துக்கொண்டு, அறுக்கும் தகட்டை மட்டும் திருப்பிக்கொள்வார்கள். மிதவைக்குப் பதில் மெல்லிய ஜவ்வு வைத்த கார்புரேட்டர் வந்ததும், ரம்பத்தை எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஓடியது. 1949-ல் அமெரிக்காவில் மெக்கலக் கம்பெனி சுமார் 11 கிலோ எடையில் ஓர் ஆள் ரம்பம் கொண்டு வந்தது. 1959-ல் ஷ்டீலின் கான்ட்ரா, நடுவில் கியர் இல்லாமல் எஞ்சின் நேராகச் சங்கிலியை ஓட்டும் ரகம், 12 கிலோ.

64 கிலோ, 46 கிலோ, 12 கிலோ, 11 கிலோ. இரண்டு ஆள் வேலை ஓர் ஆளுக்கு வந்தது. சங்கிலி ரம்பத்தின் வரலாற்றைப் பெரும்பாலும் இப்படி எடையிலும் குதிரைத்திறனிலும்தான் எழுதுகிறார்கள். நானும் அப்படித்தான் படித்தேன், அண்ணனின் மெஷினைப் பிரிக்கும் வரை.

பிரித்தது நான் மட்டுமல்ல. பொள்ளாச்சியில் டூ வீலர் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவனும் கூட இருந்தான். (பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். கணக்கில் 35 தாண்டாதவன், எஞ்சின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்கிறான்.) பிஸ்டன் இறுகிப் போயிருந்தது. பிளக்கைக் கழற்றி, உள்ளே டீசல் ஊற்றி மூன்று நாள் ஊறவிட்டோம். நான்காம் நாள் அசைந்தது. பெட்ரோல் டேங்கில் பழைய பெட்ரோல் பிசினாகி வார்னிஷ் வாடை அடித்தது. கார்புரேட்டர் ஜவ்வு சுட்ட அப்பளம் மாதிரி, தொட்டதும் நொறுங்கியது. கோயம்புத்தூரில் தேடி அளவு பொருந்தும் ஒன்றை வாங்கினோம். பாயின்ட்டை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, கண்டன்சர் மாற்றியதும் நீலப்பொறி வந்தது. உடல் முழுக்க மெக்னீசியக் கலவை, மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது. அதைக் கிரைண்டரில் கொடுக்கக் கூடாது, தூள் தீப்பிடிக்கும். கையால்தான் தேய்த்தேன், பதினோரு நாள்.

முன்பக்கக் கைப்பிடியில் மட்டும் ஒரு விரல் கனத்துக்குக் கிரீஸும் மரத்தூளும் அப்பியிருந்தது. சுரண்டினால் உள்ளே கறுப்பாக ஏதோ வந்தது. சைக்கிள் டியூப். பட்டை பட்டையாகக் கிழித்து, ஒன்றின் மேல் ஒன்றாக நாலு சுற்று நெருக்கமாகச் சுற்றி, இரண்டு முனையிலும் கட்டுக்கம்பியால் முறுக்கியிருந்தது. அசிங்கமாக இருக்கிறதே என்று அறுத்தெடுக்கக் கத்தியை எடுத்தேன்.

"சார், அதை எடுக்காதீங்க" என்றான் அவன். "கைக்கு அதிர்வு தெரியக்கூடாதுன்னு சுத்தியிருக்காருங்க. இங்க பாருங்க, கைப்பிடியை எஞ்சின் மேலயே நேரா போல்ட் போட்டு முறுக்கியிருக்கான். நடுவுல ஒரு ரப்பர் கூட இல்லீங்க."

என்னிடம் இருக்கும் இன்னொரு மெஷினைக் கொண்டு வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அது பிந்தைய ரகம். அதில் எஞ்சினும் சங்கிலியும் ஒரு பாகம், கைப்பிடிகள் தனி பாகம். இரண்டையும் கட்டை விரல் அளவு ரப்பர் குமிழ்கள்தான் இணைக்கின்றன. எஞ்சின் குலுங்கினாலும் அந்த ரப்பர் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும். அண்ணனின் மெஷினில் வாங்கிக்கொண்டது அண்ணனின் கை.

கணக்கு வாத்தியாரிடம் ஒரு கணக்கு இல்லாமல் முடியுமா? எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்று என்று வைத்துக்கொள்வோம். டூ ஸ்ட்ரோக் ஆனதால் சுற்றுக்கு ஒரு வெடி. 60 வினாடியால் வகுத்தால் வினாடிக்கு 100 அடி. நாள் முழுக்க நின்றாலும், மெஷின் மரத்தில் ஓடுவது மூன்று மணி நேரம்தான் என்று வைத்தால் 10,800 வினாடி. பெருக்குங்கள். ஒரே நாளில் உள்ளங்கைக்கு 10 லட்சத்து 80 ஆயிரம் அடி. அண்ணன் 1981 முதல் 1993 வரை மெஷின் பிடித்தார். மீதிப் பெருக்கலை நான் செய்யவில்லை.

இந்த அடி என்ன செய்யும்? விரல்களின் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் கெடுக்கும். குளிர் பட்டதும் குழாய்கள் சட்டென்று சுருங்கிக்கொள்ள, விரல் வெள்ளைவெளேர் என்று சுண்ணாம்பு போலாகும். உணர்ச்சி போகும். பிடித்த பொருள் பிடியில் இருக்கிறதா என்றே தெரியாது. கொஞ்ச நேரத்தில் இரத்தம் திரும்பும்போது தாங்க முடியாத வலி.

குளிரில் விரல் வெளுப்பதை 1862-லேயே மாரிஸ் ரெய்னோ என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்தார். இதே தொல்லை அதிரும் கருவியாலும் வரும் என்பதை, 1918-ல் ஆலிஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்கப் பெண் மருத்துவர் இந்தியானா மாநிலத்தின் பெட்ஃபோர்டுக்குப் போய், காற்றுச் சுத்தியல் பிடித்துச் சுண்ணாம்புக்கல் செதுக்கும் தொழிலாளர்களின் கைகளைப் பார்த்து எழுதினார். வருடத்தைக் கவனியுங்கள், 1918. ஷ்டீலின் முதல் ரம்பத்துக்கு எட்டு வருடம் முன்னால்! மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம் மெஷின் செய்தவர்களை வந்து சேரவில்லை, அல்லது சேர்ந்தும் அவர்கள் பொருட்படுத்தவில்லை. சங்கிலி ரம்பம் பரவிய பிறகு, 1960களில் ஜப்பானின் காட்டுத் தொழிலாளர்களிடையே இது பெரிய பிரச்சினையானது. அங்கே இதற்குப் பெயரே 'வெள்ளை மெழுகு நோய்'. 1960களின் நடுவில்தான் கம்பெனிகள் கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே ரப்பரை வைக்கத் தொடங்கின. பிரிட்டன் இதை நஷ்டஈட்டுக்குரிய தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்தது 1985-ல்.

1926-லிருந்து எண்ணினால், கட்டை விரல் அளவு ரப்பருக்கு ஏறக்குறைய நாற்பது வருடம். நோயாளியின் வலியை நினைத்துப் பிறந்த கருவி, பிடிப்பவனின் கையை நினைக்க இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது. ரப்பர் வந்த பிறகும் பழைய மெஷின்கள் செத்துப் போகவில்லை. கை மாறிக் கை மாறி, கேள்வி கேட்காத ஆட்கள் இருக்கும் இடங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. அப்படி ஒன்று வால்பாறைக்கும் வந்தது. தேயிலைத் தொழிற்சாலை அடுப்புக்குத் தைல மரம் அறுக்க.

இப்போது உறவினர்களுக்கு.

1986 தை மாதம், என் கல்யாணம். பிரம்ம முகூர்த்தம். அண்ணன் கையிலிருந்து சீர்த் தாம்பாளம் மணமேடைக்கு முன்னால் விழுந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். தேங்காய் உருண்டது, குங்குமம் கொட்டியது, அபசகுனம் என்றார்கள். "மலையிலிருந்து வந்தவன், ராத்திரியே போட்டிருப்பான்" என்று யாரோ சொன்னார்கள். அந்தப் பேச்சு நின்றுவிட்டது. இன்றைக்கும் நம் வீட்டு விசேஷங்களில் தாம்பாளத்தை யாராவது தடுமாறிப் பிடித்தால், அண்ணன் பெயரைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவருடைய பேரன் பேத்திகள் முன்னாலேயே.

அன்று அதிகாலை நான்கு மணிக்குக் கிணற்றடியில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தவர் அண்ணன். அவர் பக்கத்தில் நின்றவன் நான். சாராய வாடை இல்லை. விழுந்த தாம்பாளத்தைப் பார்க்காமல் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அவை வெளுத்திருந்ததை நானும் பார்த்தேன். குளிர் என்று நினைத்தேன். மலையில் குளிருக்குக் குடித்தவர்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அன்று குடிக்கவில்லை. எனக்குத் தெரியும். தெரிந்தும் மாமனார் வீட்டார் முன்னால் வாயைத் திறக்கவில்லை. அதோடு விட்டேனா? மறுநாள் "மானத்தை வாங்கிட்டீங்களே" என்றும் கேட்டேன். அதன் பிறகு மூன்று வருடம் அவர் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

என் ஆசிரியர் பயிற்சிக்குக் கட்டிய பணம் அவருடைய கோடாலிக் கூலி.

மருத்துவராக இருக்கும் என் மாணவி ஒருத்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குளிர்காலக் காலையில் சட்டைப் பொத்தான் போட அண்ணியைக் கூப்பிடுவது, டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பது, ராத்திரியில் கை மரத்துப் போய் எழுந்து உட்கார்ந்திருப்பது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆளைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்லக் கூடாது சார். ஆனால் நீங்கள் சொல்வதெல்லாம் அந்த நோய்க்குப் பொருந்துகிறது" என்றாள். எனக்கு அது போதும். அண்ணனுக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது. இல்லாவிட்டால் அந்த டியூபைச் சுற்றியிருக்க மாட்டார். ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் என்ஜினியர்கள் யோசித்ததை, அவர் சைக்கிள் கடைக் கழிவை வைத்துச் செய்து பார்த்திருக்கிறார். அந்த மெல்லிய ரப்பர் பெரிதாக உதவியிருக்காது. ஆனால் யாரும் சொல்லித் தராமல் காரணத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்.

மெஷின் இப்போது ஓடுகிறது. சங்கிலியையும் தகட்டையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஓட்டினோம். அந்த ரகத்தில் சங்கிலியை நிறுத்தும் பிரேக் கிடையாது, அதை வைத்து மரம் அறுக்க நான் யாரையும் விடமாட்டேன். கயிற்றை ஏழாவது தடவை இழுத்தபோது பிடித்துக்கொண்டது. இரண்டே நிமிடம்தான் பிடித்தேன். அணைத்த பிறகும் வெகுநேரம் உள்ளங்கையில் எறும்பு ஊர்வது போல இருந்தது. பழைய மெஷின் புதுப்பிப்பவர்களில் சிலர் புதுசு போலப் பெயின்ட் அடிப்பார்கள். நான் மற்ற இடங்களைச் சுத்தம் செய்தேன். டியூப் சுற்றிய கைப்பிடியை அப்படியே விட்டுவிட்டேன். படத்தில் நீங்கள் "அது என்ன சார் அழுக்கு?" என்று கேட்டது அதுதான்.

மாணவச் செல்வங்களே, உங்களில் சிலர் துபாயிலும் கத்தாரிலும் கான்கிரீட் உடைக்கும் பிரேக்கர் பிடிக்கிறீர்கள். சிலர் திருப்பூரிலும் கோவையிலும் டைல்ஸ் கட்டர், கிரைண்டர் பிடிக்கிறீர்கள். வேலை முடிந்து விரல் வெகுநேரம் மரத்திருந்தாலோ, குளிர் பட்டால் விரல் நுனி வெளுத்தாலோ "பழகிவிடும்" என்று விட்டுவிடாதீர்கள். ஆரம்பத்திலேயே வேலையை மாற்றினால் கை தேறலாம், முற்றினால் திரும்பாது. மருத்துவரிடம் போங்கள். போகும்போது என்ன மெஷின் பிடிக்கிறீர்கள், நாளைக்கு எத்தனை மணி நேரம் என்பதையும் சொல்லுங்கள். கையைச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள். நடுநடுவே மெஷினைக் கீழே வையுங்கள். தேய்ந்த ரப்பரை மாற்றச் சொல்லி மேஸ்திரியிடம் கேளுங்கள். பீடி, சிகரெட் இதை இன்னும் மோசமாக்கும்.

உறவினர்களுக்கு ஒரே வேண்டுகோள். வருகிற ஆவணியில் அண்ணன் பேத்தியின் கல்யாணம். தாம்பாளக் கதையை இனி யாரும் சிரிப்பதற்காகச் சொல்ல வேண்டாம். சொல்லத்தான் வேண்டும் என்றால் இந்தக் கதையோடு சேர்த்துச் சொல்லுங்கள். அன்று நான் சொல்ல வேண்டியதை முப்பத்தொன்பது வருடம் கழித்து எழுதியிருக்கிறேன். அண்ணி இதைப் படிக்க மாட்டார், நேற்று மாலை நேரில் போய்ப் படித்துக் காட்டிவிட்டேன். கேட்டுவிட்டு, "அந்த டியூப் நான் வாங்கிக் கொடுத்ததுதான் தம்பி" என்றார்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்